ஆடிய இருக்கை



புதிதாக வாகனம் வாங்கியவர்கள் அதைக் கோயில் முற்றத்தில் கொண்டுவந்து நிறுத்தி, "சாமி, வண்டியை மந்திரித்துத் தரவேண்டும்" என்று கேட்பது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். குடும்பத்தார் அனைவரும் சுற்றி நிற்பார்கள். வண்டிக்கு மாலை சூட்டியிருக்கும். சக்கரத்தின்கீழ் எலுமிச்சம்பழம் வேண்டாமென்று எத்தனை முறை சொன்னாலும், யாரேனும் ஒரு சித்தப்பா சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்துவிடுவார். நான் செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, உள்ளே தொங்கும் புனித கிறிஸ்தோபரின் பதக்கத்தையும் ஆசீர்வதித்து அனுப்புவேன். (1969-ஆம் ஆண்டு திருத்தந்தை ஆறாம் சின்னப்பர் வழிபாட்டு நாள்காட்டியைச் சீரமைத்தபோது, கிறிஸ்தோபரின் திருநாள் பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது உண்மை. அதனால் அவர் புனிதரே அல்லர் என்று ஆகிவிடவில்லை. ஜூலை 25-ஆம் நாளுக்குரிய புனிதர்களுள் ஒருவராக அவர் பெயர் உரோமைத் திருச்சபையின் ஏட்டில் இன்றும் இருக்கிறது. வண்டியோட்டிகள் கவலைகொள்ள வேண்டியதில்லை.)

இப்படிப் புது வண்டிகள் பலவற்றை மந்திரித்திருக்கிறேன். ஆனால் இருபத்தைந்து ஆண்டு ஓடிய வண்டியை ஒருவரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை. ஆசீரும், ஆசீரோடு ஒரு நல்ல ஸ்பேனரும் மிகுதியாகத் தேவைப்படுவது அதற்குத்தான். இம்மாதம் அத்தகைய ஒரு வண்டியைப் பற்றி எழுதுகிறேன். வண்டி எங்கள் பங்கிற்குரியது, குற்றம் என்னுடையது.

அது 1998-ஆம் ஆண்டின் மாருதி 800. குர்கானில் 1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் தயாரிப்பு நின்றுபோன அந்தச் சின்னக் காரை அறியாத குடும்பம் நம்முள் இராது. மூன்று சிலிண்டர், 796 சி.சி. என்ஜின். எனக்கு முன்னிருந்த பங்குத் தந்தையர் இருவர் ஓட்டிய பின் அது என் கைக்கு வந்தது. என்ஜினைப் பொறுத்தவரை நான் குறை சொல்லமாட்டேன். மழையிலும் குளிரிலும் முதல் திருப்பத்திலேயே உயிர்பெற்றுவிடும். நாம் அவ்வாறு எழுவதில்லை.

குறை தொடங்கியது ஓட்டுநர் இருக்கையில். முதலில் பிரேக் போடும்போது கீழே எங்கோ "டக்" என்று ஓர் ஓசை கேட்டது. சில மாதங்களில் இருக்கை விரற்கடை அளவு முன்னும் பின்னும் அசைந்தது. பிறகு வளைவுகளில் பக்கவாட்டிலும் ஆடத் தொடங்கியது. நெடுஞ்சாலையோரத்தில் இருந்த ஒரு பட்டறையில் காட்டினேன். அவர்கள் போல்ட்டின்கீழ் சைக்கிள் டியூபை வெட்டி வைத்து இறுக்கி, முந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் அமைதியாக இருந்தது. பிறகு மீண்டும் "டக்". அதற்குள் பங்கின் தேர்த்திருவிழா நெருங்கிவிட்டது. பங்குப் பேரவையில் ஒருவர் காரைப் பற்றி நினைவூட்டியபோது, "தேர் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொன்னவன் நானே. தேர் முடிந்தது. தேருக்குப் போட்ட சீரியல் விளக்குச் செலவில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கைக்கு ஆகியிராது என்பதைப் பின்னால்தான் கணக்குப் பார்த்தேன்.

இதற்கிடையே எனக்கு அது பழகிவிட்டது. இதைத்தான் வாசகர்கள் சற்று நின்று கவனிக்க வேண்டுமென்று விரும்புகிறேன். உடல் ஒரு விந்தையான வேலைக்காரன். எசமானைக் கேட்காமலே பழுதுக்கு ஏற்றபடி தன்னை வளைத்துக்கொள்ளும். நான் அறியாமலே முதுகைச் சாய்க்காமல் முன்னே வந்து அமரலானேன். ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இறுகப் பிடித்தேன். கிளச்சை மிதிக்கும்போது இடுப்பைத் தூக்கி மிதித்தேன். ஒரு துண்டை நான்காக மடித்து முதுகுக்குப் பின்னால் செருகிக்கொண்டேன். ஆறு மாதத்தில் இருக்கை ஆடுவதே எனக்குத் தெரியவில்லை. பழுது போகவில்லை, அது என்னை விட்டு மறைந்துகொண்டது, அவ்வளவே.

சென்ற நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாள். மலைமேல் இருக்கும் பங்கின் தந்தை நோயுற்றிருந்தபடியால், காப்பித் தோட்டம் ஒன்றிலுள்ள கல்லறைகளை மந்திரிக்க என்னை அனுப்பினார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டிற்கு ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு என்பதை அப்பக்கம் போனவர்கள் அறிவார்கள். என் இடப்பக்கத்தில் எங்கள் உபதேசியார், மடியில் தீர்த்தச் செம்போடு அமர்ந்திருந்தார். பின்னிருக்கையில் மூன்று பீடச் சிறுவர்கள். ஐப்பசி மழை விட்டு, சாலை ஈரமாய்க் கிடந்தது.

பாதி வளைவுகளுக்கு மேல் கடந்திருப்போம். செங்குத்தான ஒரு திருப்பத்தில் வண்டி திணறவே, இரண்டாம் கியரிலிருந்து முதல் கியருக்கு மாற்றுவதற்காகக் கிளச்சை ஊன்றி மிதித்தேன். அந்த நொடியில் கீழே "டக்" என்றது. இம்முறை ஓசையோடு நிற்கவில்லை. இருக்கை என்னைச் சுமந்துகொண்டு தண்டவாளத்தின் கடைசிவரை பின்னால் போய்விட்டது. கால்கள் இரண்டும் மிதிகளை விட்டு வெளியே வந்துவிட்டன. பற்றிக்கொள்ள வேறொன்றும் இல்லாமையால் ஸ்டியரிங்கைப் பற்றினேன். அது என் எடைக்கு இணங்கித் திரும்பியது. கியர் இரண்டுக்கும் நடுவே நின்றது. வண்டி ஒரு கணம் நின்று, மெல்லப் பின்னோக்கி உருளத் தொடங்கியது. பின்னால் ஒரு பேருந்து ஏறிவரும் ஓசை கேட்டது. பீடச் சிறுவர்கள் இதை விளையாட்டென்று எண்ணிச் சிரித்தார்கள். அச்சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

வண்டியை நிறுத்தியவர் உபதேசியார். வாழ்நாளில் மாட்டுவண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டியறியாத அவர், செம்பைக் கீழே போட்டுவிட்டு, இருக்கைகளுக்கு நடுவே இருந்த ஹேண்ட் பிரேக்கை இரு கைகளாலும் பிடித்து இழுத்தார். தீர்த்தம் முழுவதும் என் காலடியில் கொட்டிற்று. பேருந்து ஓட்டுநர் இறங்கிவந்து என்னைப் பார்த்தார். வெள்ளை அங்கியைப் பார்த்தார். சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு கல்லொன்றை எடுத்துச் சக்கரத்திற்கு முட்டுக்கொடுத்தார். நான் அதற்குத் தகுதியானவன் அல்லன். அவர் சொல்ல வந்ததைச் சொல்லியிருந்தாலும் தகும்.

ஏன் அப்படி நேர்ந்தது என்பதை அப்போது எண்ணிப்பார்க்க நேரமில்லை. பிறகு எண்ணியபோது விடை மிக எளிதாயிருந்தது. கால் மிதியை எவ்வளவு விசையோடு முன்னே தள்ளுகிறதோ, அவ்வளவு விசையோடு முதுகு இருக்கையைப் பின்னே தள்ளுகிறது. இருக்கை அசையாமல் நிற்பதால்தான் மிதி கீழே போகிறது. ஆகவே பிரேக் என்பது சக்கரத்தில் தொடங்குவதில்லை; அது நாம் உட்கார்ந்திருக்கும் இடத்தில் தொடங்குகிறது. ஆபத்தில் நாம் எவ்வளவு பலமாக மிதிக்கிறோமோ, தளர்ந்த இருக்கை அவ்வளவு விரைவாக நம்மைக் கைவிடும். மேடேறும்போது வண்டியின் சாய்வும் அதற்குத் துணைபோகும். அன்று நாங்கள் ஊர்ந்து சென்றுகொண்டிருந்தோம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. இருக்கையைத் தேடி, மிதியைத் தேடி, காலை மீண்டும் ஊன்ற இரண்டு நொடி ஆகுமென்று வைத்துக்கொண்டாலும், அதற்குள் கோயில் வாசலிலிருந்து பீடம்வரை போய்விடும். அமெரிக்க நாட்டில் 1968-ஆம் ஆண்டிலிருந்தே கார் இருக்கைகளுக்கென்று ஒரு விதி உண்டு: ஓர் இருக்கை தன் எடையைப்போல் இருபது மடங்கு விசையை முன்னும் பின்னும் தாங்கி, பிடித்த இடத்தில் நிற்க வேண்டும். இருபது மடங்கு! என் இருக்கை ஒரு கிளச் மிதியைத் தாங்கவில்லை.

கல்லறைகளை மந்திரித்து முடித்து, வேறொருவர் வண்டியில் இறங்கிவந்தோம். அன்றிரவு உறக்கம் வரவில்லை. நேர்ந்ததைப் பற்றியதன்று அந்த அச்சம். அந்தக் காரை என்னைத் தவிர வேறு யார் யார் ஓட்டினார்கள் என்று எண்ணத் தொடங்கினேன். பங்கின் கார் பங்கு மக்களின் கார். அவசரத்திற்குக் கேட்டவர்களுக்கு மறுத்ததில்லை. இளைஞர் இயக்கத்தைச் சேர்ந்த ஒரு பையன், செப்டம்பரில், பிள்ளைப்பேற்று வலியெடுத்த தன் அக்காளை நள்ளிரவில் அதில்தான் மருத்துவமனைக்கு அழைத்துப் போனான். என்னைவிடக் குட்டையானவன். இருக்கையைத் தண்டவாளத்தின் முன்நுனிவரை இழுத்துப் போட்டுத்தான் ஓட்டியிருப்பான். நழுவியிருந்தால் எனக்கு நழுவியதைப்போல் இருமடங்கு தூரம் பின்னால் போயிருப்பான்.

மறுநாள் அவனை அழைத்துக் கேட்டேன்.

"அன்னைக்கு சீட்டு ஆடுச்சாப்பா?"

"ஆடுச்சு ஃபாதர். நல்லாவே ஆடுச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

அவன் தலையைச் சொறிந்தான். "நீங்க அந்த நேரத்துல எழுந்து வந்து சாவி கொடுத்தீங்க. அதுல போயி குறை சொல்றதா ஃபாதர்?"

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பது நம் ஊர்ப் பழமொழி. வாங்குகிறவனுக்கு அது நல்ல அறிவுரை. கொடுக்கிறவன் அதன்பின் ஒளிந்துகொள்ளலாகாது. விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தில் ஒரு மாட்டைப் பற்றிய சட்டம் இருக்கிறது. ஒருவனுடைய மாடு திடீரென்று மனிதனை முட்டிக் கொன்றால், மாட்டைக் கொல்லவேண்டும்; உரிமையாளன்மேல் குற்றமில்லை. ஆனால் அது முட்டும் பழக்கமுள்ள மாடு என்று முன்னமே தெரிந்து, எச்சரிக்கப்பட்டும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், குற்றம் அவனையே சேரும். குருமடத்தில் இப்பகுதியைப் படித்தபோது இது ஆடுமாடு மேய்த்த மக்களுக்கான பழைய சட்டம் என்று எண்ணி விரைந்து கடந்துவிட்டேன். புனித தோமா அக்குவினாரும், தற்செயலாய் நேரும் கொலையைப் பற்றிப் பேசுமிடத்தில், நல்ல செயலையே செய்துகொண்டிருந்தாலும் எடுக்கவேண்டிய கவனத்தை எடுக்காதவன் குற்றத்திற்குத் தப்புவதில்லை என்று முடிவு கூறுகிறார். அதையும் தேர்வுக்காகப் படித்தேன். திருப்பலியின் தொடக்கத்தில் நாம் மார்பில் தட்டி அறிக்கையிடுபவற்றுள், செய்யத் தவறியவையும் அடங்கும். நாள்தோறும் அந்த இடத்தைச் சொல்லும்போது என் நினைவுக்கு வந்தவை செபங்களும் சந்திப்புகளும். ஒருநாளும் ஒரு போல்ட் நினைவுக்கு வந்ததில்லை. அந்த வாரமே மறைவட்டத் தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் கொடுத்த அபராதம், செபமாலைக்கு முன் காரைச் சரிசெய்வது. அவரும் மாருதி 800 வைத்திருந்தவர்.

எங்கள் ஊர்ச் சந்தைத் தெருவில் ஒரு பாய் பட்டறை வைத்திருக்கிறார். அறுபது வயதைக் கடந்தவர். கைப்பிடித் துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பேசுவார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தி, "இருக்கையை இறுக்க வேண்டும்" என்றேன். அவர் ஸ்பேனரைத் தொடவில்லை. "இறுக்குறது கடைசி வேலை ஃபாதர். எது ஆடுதுன்னு மொதல்ல தெரியணும்" என்றார்.

அவர் பார்த்த முறையை எழுதுகிறேன். வீட்டில் பழைய கார் வைத்திருப்பவர்கள் தாமே செய்து பார்க்கலாம், காசு செலவில்லை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறந்து வெளியே குந்தி அமர்ந்தார். ஒரு கையால் இருக்கையின் அடிச்சட்டத்தை முன்பக்கமும் மற்றொரு கையால் பின்பக்கமும் பற்றி, முன்னும் பின்னும், மேலும் கீழும் குலுக்கினார். பையன் ஒருவன் டார்ச் விளக்கைக் கீழே காட்டினான். இருக்கை தன்கீழுள்ள தண்டவாளத்தின்மேல் ஆடினால் குறை தண்டவாளத்திலோ அதன் கொக்கியிலோ இருக்கிறது. தண்டவாளமும் சேர்ந்து தரையைவிட்டு எழுந்தால் குறை போல்ட்டிலோ தரையிலோ இருக்கிறது. இரண்டும் அசையாமல் முதுகுப்பலகை மட்டும் சாய்ந்தாடினால் குறை சாய்வுக் கீலில் இருக்கிறது. என் வண்டியில் முதலிரண்டும் இருந்தன. அந்த நெடுஞ்சாலைப் பட்டறையில் ஒருவரும் குலுக்கிப் பார்க்கவில்லை, இறுக்கினார்கள். நானும் குலுக்கிப் பார்க்கும்படி கேட்கவில்லை.

பட்டறைக்காரர்கள் ரன்னர் என்று சொல்லும் அந்தத் தண்டவாளத்தைப் பற்றி ஒரு சொல். இருக்கைக்கு அடியில் இரு பக்கமும் இவ்விரும்புச் சட்டங்கள் ஓடுகின்றன. முன்னால் உள்ள பிடியைத் தூக்கினால் கொக்கியின் பல் பள்ளத்திலிருந்து எழுகிறது. விட்டால் ஒரு ஸ்பிரிங் அதை மீண்டும் பள்ளத்தில் இறக்குகிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகப் பெரும்பாலும் ஒரே உயரமுள்ள சாமிமார்கள் ஒரே பள்ளத்தில் போட்டு ஓட்டியபடியால், அந்தப் பள்ளத்தின் விளிம்பும் பல்லும் தேய்ந்து மழுங்கியிருந்தன. ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. போதாதென்று, ரன்னரின் உள்ளே அழுக்கோடு அழுக்காக ஒரு பேனா மூடி, இரண்டு ஒரு ரூபாய் நாணயம், புளியங்கொட்டை, அறுந்த செபமாலையின் மணிகள் ஐந்து ஆகியவை கிடந்தன. பல் முழுவதும் இறங்காமல் ஒரு மணியின்மேல் உட்கார்ந்திருந்தது. பாய் அம்மணிகளைத் துடைத்து, தாளில் மடித்து, மரியாதையோடு என் கையில் கொடுத்தார்.

பிறகு போல்ட்டுகள். துருவேறிய போல்ட்டை வலுவாகத் திருகக் கூடாது என்பது அவர் சட்டம். அதன் மறுமுனையிலுள்ள நட்டு தரைத்தகட்டின் அடியில் வெல்டு வைத்துப் பிடிக்கப்பட்டிருக்கும். பலவந்தம் செய்தால் வெல்டு விட்டு, போல்ட்டும் நட்டும் சேர்ந்து சுற்றும். பிறகு அறுத்துத்தான் எடுக்கவேண்டும். ஆகவே துரு நீக்கும் எண்ணெய் விட்டு ஓரிரவு ஊறவைத்தார். காலையில் மூன்று எளிதாக வந்தன. நான்காவதை, உள்பக்கம் பின்மூலையில் இருந்ததை, இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நிறுத்தினார்.

"ஃபாதர், இதுல மரை போயிடுச்சு."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. திருகாணியின் சுற்றுவரியை மரை என்பார்கள் என்பது எனக்குத் தெரியும். ஆனால் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட நம் பக்கத்தில், மறைமாவட்டத்துக் குருவானவர் ஒருவரைப் பார்த்து மறை போய்விட்டது என்று ஒருவர் சொன்னால் எப்படியிருக்கும்! பாய்க்கும் அது பிறகு உறைத்தது, இருவரும் சிரித்தோம். ஆனால் அடுத்து அவர் தரைவிரிப்பைத் தூக்கியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

உபதேசியார் கொட்டிய தீர்த்தம் இன்னும் அங்கே ஈரமாயிருந்தது. அது மட்டுமன்று. ரப்பர் விரிப்பின் அடியிலுள்ள மெத்தை பல மழைக்காலங்களின் தண்ணீரைக் குடித்து வைத்திருந்தது. கதவோரத்து ரப்பர் கிழிந்து உள்ளே வந்த மழை. நனைந்த குடையை நான் வீசியெறியும் இடம். ஈரக் காலோடு ஏறியிறங்கிய எத்தனையோ பேர். மேலே விரிப்பு உலர்ந்து அழகாயிருந்தது. கீழே தகடு பழுப்பாய், செதில் செதிலாய் எழுந்திருந்தது. பாய் ஒரு திருப்புளியை எடுத்து மெல்லக் குத்தினார். அது அப்பளத்தில் இறங்குவதுபோல் இறங்கி, மறுபக்கம் தெருவைக் காட்டியது. அந்தத் தகட்டில்தான் நான்காம் போல்ட் பிடித்திருந்தது. பிடித்திருந்ததாகப் பேர். நெடுஞ்சாலைப் பட்டறையில் வைத்த சைக்கிள் டியூப் துண்டு, அந்த ஓட்டையின்மேல் மூடிபோல் உட்கார்ந்திருந்தது.

பெரிய வாஷர் ஒன்று வைத்து இறுக்கிவிட்டால் ஆகாதா என்று கேட்டேன். இருநூறு ரூபாயில் முடிந்துவிடுமே என்ற நப்பாசை இன்னும் எனக்குள் இருந்தது. பாய் சொன்ன விடையை அப்படியே எழுதுகிறேன்: "துருவுக்கு மேல என்ன வச்சாலும் துருதான் புடிச்சுக்கிட்டிருக்கும் ஃபாதர்."

வேலை இரண்டு நாள் பிடித்தது. துருப்பிடித்த இடத்தை, நல்ல தகடு வெளிப்படும்வரை வெட்டி எடுத்தார்கள். வெட்ட வெட்ட ஓட்டை பெரிதாயிற்று. உள்ளங்கையளவு என்று நினைத்தது முறத்தளவாயிற்று. அதே கனமுள்ள புதுத்தகட்டை அளந்து வெட்டிப் பொருத்தினார்கள். வெல்டு வைக்குமுன் பேட்டரியைக் கழற்றினார். விரிப்பு, மெத்தை, இருக்கை யாவற்றையும் வெளியே எடுத்தார். அடியில் ஓடும் பெட்ரோல் குழாயையும் பிரேக் குழாயையும் விலக்கி மறைத்தார். பையனை ஒரு வாளி மணலோடு பக்கத்தில் நிறுத்தினார். இந்த வேலையைத் தெரியாதவர்கள் வீட்டு வாசலில் வைத்துச் செய்யவேண்டாம் என்று இதற்காகவே எழுதுகிறேன். அண்மைக்கால வண்டிகளில் இருக்கைக்கு அடியில் காற்றுப்பைக்கும் பெல்ட்டிற்கும் உரிய கம்பிகள் வேறு ஓடுகின்றன. அவற்றில் கைவைக்கவே கூடாது. குலுக்கிப் பார்ப்பது நம் வேலை. வெட்டி ஒட்டுவது அறிந்தவர் வேலை.

புதுத்தகட்டின் அடியில், போல்ட் வரும் இடத்தில், தடித்த இரும்புத் துண்டு ஒன்றைச் சேர்த்து வைத்தார். இழுப்பு ஒரு துளையின்மேல் விழாமல் பரந்த இடத்தில் விழவேண்டும் என்பதற்காக. துருத்தடுப்பு வண்ணம் இருமுறை பூசி, இணைப்புகளில் நீர்புகாப் பசை தடவினார். போல்ட் வாங்க என்னையே கடைக்கு அனுப்பினார். "தலையில 8.8-ன்னு அடிச்சிருக்கணும் ஃபாதர். ஒண்ணும் அடிக்காததைக் கொடுத்தா வாங்காதீங்க" என்றார். முன்னெண் அந்த எஃகு ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 80 கிலோ எடையின் இழுப்பைத் தாங்கும் என்பதையும், பின்னெண் அதில் 80 விழுக்காடுவரை நீண்டுவிடாமல் மீளும் என்பதையும் குறிக்கிறது. இவ்வளவு சிறிய தலையில் இவ்வளவு தெளிவான வாக்குறுதி எழுதியிருப்பதை இத்தனை ஆண்டுகளாக நான் கவனித்ததில்லை. எழுத்தில்லாத போல்ட் விலை மலிவு. கடைக்காரர் முதலில் எடுத்து நீட்டியதும் அதையே.

ரன்னரின் தேய்ந்த பல்லை வெல்டு வைத்து அரத்தால் ராவிச் சரிசெய்யலாம் என்று பட்டறைப் பையன் சொன்னான். பாய் ஒப்பவில்லை. காயலான் கடைக்குப் போய், அதிகம் ஓடாத ஒரு வண்டியிலிருந்து எடுத்த ரன்னர் சோடியைப் பல் பல்லாகத் தடவிப் பார்த்து வாங்கிவந்தார். போல்ட்டுகள் நான்கையும் முதலில் விரலால் திருகி, இருக்கையை முன்னும் பின்னும் ஓட்டி, இரு தண்டவாளங்களும் கோணாமல் ஓடுகின்றனவா என்று பார்த்த பிறகே ஸ்பிரிங் வாஷரோடு இறுக்கினார். ஒன்றை முழுவதும் இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் தண்டவாளம் கோணிக்கொள்ளும். ஒரு பக்கத்துப் பல் இறங்கும், மறுபக்கத்துப் பல் இறங்காது. ஒரு வாரம் ஓட்டியபின் மீண்டும் கொண்டுவரச் சொன்னார். கொண்டுபோனேன். இரண்டு போல்ட் கால் சுற்று வாங்கின.

தகடு, ரன்னர், போல்ட், கூலி எல்லாம் சேர்ந்து நாலாயிரத்து இருநூறு ரூபாய். பங்குப் பேரவையில் ரசீதை வைத்தேன். ஒரு பெரியவர் எழுந்து, பழைய வண்டிக்கு இவ்வளவு எதற்கு, விற்றுவிட்டால் என்ன என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் விற்பதென்றால் அந்தத் தரையோடு யாருக்கு விற்பது? விரிப்பை நன்றாகத் துவைத்துப் போட்டு விற்றிருக்கலாம். வாங்குகிறவர் தூக்கிப் பார்த்திருக்கவும் மாட்டார். இதைச் சொன்னதும் பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

இப்போது சாவி கேட்டு வருகிறவர்களிடம் இரண்டு காரியம் செய்யச் சொல்கிறேன். ஏறி அமர்ந்து, இருக்கையைத் தம் காலுக்கு ஏற்றபடி வைத்தபின், பிடியை விட்டுவிட்டு, பிரேக் மிதியை ஊன்றி மிதித்தபடி முதுகால் பின்னே ஒரு தள்ளு தள்ளவேண்டும். "களுக்" என்று பல் விழுந்த ஓசை கேட்டதா என்று என்னிடம் சொன்ன பிறகே வண்டி நகரவேண்டும். இரண்டாவது, திருப்பித் தரும்போது வண்டியில் என்ன குறை கண்டார்கள் என்று ஒன்றாவது சொல்லவேண்டும். முதலில் எல்லாருக்கும் கூச்சமாக இருந்தது. "ஒரு குறையும் இல்லை ஃபாதர், நல்ல வண்டி" என்பார்கள். சென்ற வாரம் அந்த இளைஞன் தன் அக்காள் குழந்தையின் ஞானஸ்நானத்திற்கு உறவினரை அழைத்துவரக் காரை எடுத்துப் போனான். சாவியைத் திருப்பித் தரும்போது, இடப்பக்கத்துப் பின்கதவு உள்ளிருந்து திறக்கவில்லை என்றான். எனக்கு அது தெரியாது. நான் பின்னால் அமர்ந்ததே இல்லை. மறுநாளே பாயிடம் அனுப்பிவைத்தேன்.

கிளைப்பங்குகளுக்கு இப்போதும் உபதேசியாரும் நானும் அந்தக் காரில்தான் போய்வருகிறோம். இருக்கை கல்லில் நட்டதுபோல் இருக்கிறது என்று அவரிடம் பலமுறை சொல்லிவிட்டேன். "சரிங்க சாமி" என்பார். தீர்த்தச் செம்பு இடக்கையில் இருக்கும். வலக்கை ஹேண்ட் பிரேக்கின் மேலேயே இருக்கும்.